'தூங்கு' என்றார் பாதிரியார்

மனோவசியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மேடைக் காட்சிதான். கறுப்பு அங்கி தரித்த ஒருவர் கையை அசைக்கிறார். முன் வரிசையிலிருந்து எழுந்து போன வாலிபன் ஒருவன் கோழியைப் போலக் கொக்கரிக்கிறான். சபையோர் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். வீடு திரும்பும்போது, "அவன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஆள்" என்று ஒருவரும், "இல்லை ஐயா, அது கண்ணிலே இருக்கிற சக்தி" என்று இன்னொருவரும் வழி நெடுக வாதாடிக்கொண்டு போகிறார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இல்லை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். பின்னே அது என்னதான் என்று கேட்டால், அதைக் கண்டு சொல்வதற்கு உலகத்து அறிஞர்களுக்கு ஏறக்குறைய 250 வருஷம் பிடித்திருக்கிறது. நேயர்கள் நமக்காகக் கால் மணி நேரம் பொறுத்தருளக் கூடாதா?

1778-ஆம் வருஷத்தில், மெஸ்மர் என்னும் வைத்தியர் ஒருவர் வியன்னா நகரத்தை விட்டுப் பாரிஸ் பட்டணத்திற்கு வந்து சேர்ந்தார். ஜீவராசிகளின் உடம்பில் காந்தத்தைப் போன்ற ஒரு சூக்ஷ்மமான திரவம் ஓடுகிறது, அது தடைப்படுவதே வியாதி, அதைத் தம் கையசைவினால் சீர்ப்படுத்திவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். கூடத்தின் நடுவே ஒரு பெரிய மரத் தொட்டி. அதிலிருந்து நீண்டிருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பிரபுக்களும் சீமாட்டிகளும். எங்கிருந்தோ மெல்லிய சங்கீதம். ஊதா நிற அங்கியில் மெஸ்மர் நடந்து வருவார். சிலர் விம்மி அழுதார்கள். சிலர் வலிப்புக் கண்டு விழுந்தார்கள். எழுந்தபோது பலருக்கு நோய் குறைந்திருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினாறாம் லூயி மன்னர் 1784-இல் இதை ஆராய ஒரு கமிட்டி நியமித்தார். அமெரிக்காவின் ஸ்தானிகராக அப்போது பிரான்ஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், ரஸாயன சாஸ்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் லவாசியே முதலிய மேதாவிகள் அதில் அங்கத்தினர்கள். பிராங்க்ளினுடைய தோட்டத்தில் அவர்கள் செய்த ஒரு சோதனை நமக்கு மிகவும் பிடித்தமானது. மெஸ்மரின் சீடர் ஒருவர் ஒரு சர்க்கரைப் பாதாமி மரத்திற்கு மாத்திரம் 'காந்தம்' ஏற்றினார். பிறகு 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, ஒவ்வொரு மரமாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது. நான்காவது மரத்தில் மூர்ச்சை போட்டு விழுந்துவிட்டான். காந்தம் ஏற்றிய மரமோ 24 அடிக்கு அப்பால் சும்மா நின்றுகொண்டிருந்தது! திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று கமிட்டி தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சரியே. ஆனால் அந்த மேதாவிகள் ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்து போய்விட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. வெறும் கற்பனை ஒரு பையனைத் தரையில் சாய்த்துவிடுமானால், அந்தக் கற்பனை என்ன சாமானியமான வஸ்துவா? அதை அல்லவா ஆராய வேண்டும்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஐரோப்பியர் அல்ல. நம் தேசத்து மனிதர். கோவாவில் காண்டோலிம் என்ற கிராமத்தில் 1756-இல் பிறந்த ஜோஸே குஸ்டோடியோ பரியா என்பவர். 15 வயதில் தகப்பனாருடன் கப்பல் ஏறி லிஸ்பன் போய், ரோமாபுரியில் படித்துப் பாதிரியார் ஆனார். பிற்காலத்தில் பாரிஸில் குடியேறி, 1813-இல் பகிரங்கமாக மனோவசிய வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். அவரிடம் தொட்டி இல்லை. இரும்புக் கம்பி இல்லை. எதிரே இருப்பவரை நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மூடி மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்லி, உரத்த குரலில் "தூங்கு!" என்பார். அவ்வளவுதான். சிலர் அக்ஷணமே ஒருவித நித்திரையில் ஆழ்ந்தார்கள். சிலர் ஆழவில்லை. ஆழாதவர்களைப் பற்றி அவர் வருத்தப்படவும் இல்லை. இது எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கும் மேலாக, "என்னிடத்தில் ஒரு சக்தியும் கிடையாது, தூங்குகிறவருடைய மனத்திலேதான் காரணம் இருக்கிறது" என்ற கருத்தைப் பிடிவாதமாகப் போதித்தார். தன்னிடம் சக்தி இருக்கிறது என்று சொல்லிப் பிழைப்பவர்கள் நிறைந்த உலகத்தில், இல்லை என்று சொல்லி ஒருவர் பிழைக்க முடியுமா? நாடகக்காரர்கள் அவரைப் பரிகசித்தார்கள். அவருடைய புஸ்தகம் வெளிவந்த 1819-ஆம் வருஷத்திலேயே வறுமையில் காலமானார். ட்யூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' என்ற நாவலில் சிறைச்சாலையில் வரும் கிழப் பாதிரியாருக்கு அவருடைய பெயர்தான். நாவலைப் படித்தவர்கள் லக்ஷக்கணக்கானவர்கள். அந்தப் பெயரில் ஒரு கோவாக்காரர் உண்மையிலேயே இருந்தார் என்று அறிந்தவர்கள் சொற்பம். பஞ்சிம் நகரத்தில் பழைய அரண்மனைக் கட்டடத்தின் பக்கத்தில் 1945-இல் அமைத்த அவருடைய வெண்கலச் சிலை இன்றும் இருக்கிறது. சாய்ந்து விழும் ஒரு ஸ்திரீயின் எதிரே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கைகளில் ஒன்றும் இல்லை என்பதுதான் அவருடைய போதனை என்பது சிலையைப் பார்த்தால் தெரியாது!

அவரைப் பற்றிக் கோவாவில் வழங்கும் ஒரு கதை உண்டு. வாலிபப் பாதிரியாராக லிஸ்பனில் ராணியின் முன்னிலையில் பிரசங்கம் செய்ய அவரை அழைத்திருந்தார்களாம். மேடை ஏறினார், எதிரே ராஜ குடும்பமும் பிரபுக்களும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. கீழே உட்கார்ந்திருந்த தகப்பனார் மெல்லிய குரலில் கொங்கணி பாஷையில், "இதெல்லாம் வெறும் கீரையடா, நறுக்கடா கீரையை!" என்றாராம். உடனே நாக்கு விடுபட்டு, பிரசங்கம் அருவியாகப் பொழிந்ததாம். ஒரு சொல்லுக்கு இத்தனை பலமா என்ற ஆச்சரியமே அவரை மனோவசிய ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது என்பார்கள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, பள்ளிக்கூட வாத்தியாராகிய நமக்கு அதில் சந்தேகம் எழவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேச்சு அடைத்துப் போகும் பிள்ளைகளை நாம் 20 வருஷமாகப் பார்த்து வருகிறோம்.

அடுத்த அத்தியாயம் வங்காளத்தில். ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் ஹூக்ளியில் கும்பினி சர்க்காரின் உத்தியோகத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் ரணசிகிச்சை என்றால், நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் அலற அலறக் கத்தியை வைப்பதுதான். 1845-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி, வலியில் துடித்த ஒரு கைதியின் மீது எஸ்டெய்ல் தாம் புஸ்தகத்தில் மாத்திரம் படித்திருந்த மெஸ்மெரிஸத்தைப் பிரயோகித்துப் பார்த்தார். கைதி அசைவற்றுக் கிடந்தான். பிறகு கேட்க வேண்டுமா? யானைக்கால் வியாதியால் வளர்ந்த பிரம்மாண்டமான கட்டிகளையெல்லாம் அந்த முறையில் அறுத்து எடுத்தார். 1846-இல் சர்க்காரே கல்கத்தாவில் இதற்கென ஒரு சிறு ஆஸ்பத்திரி வைத்துக் கொடுத்தது. அவர் இந்தியாவை விட்டுப் போவதற்குள் செய்த பெரிய ரணசிகிச்சைகள் மாத்திரம் சுமார் 300. நோயாளிகள் வேஷம் போடுகிறார்கள் என்று சக வைத்தியர்கள் சிலர் சொன்னார்கள். ராத்தல் கணக்கில் தசையை அறுக்கும்போது வேஷம் போடக்கூடிய மகா நடிகர்கள் ஹூக்ளிக் கரையில் அத்தனை பேர் இருந்தார்கள் போலும்!

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஒரு நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தச் சில சமயம் மணிக்கணக்காக, நாள்கணக்காகக் கூடக் கையை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். எஸ்டெய்ல் தாமே அதைச் செய்து களைத்துப் போய், ஆஸ்பத்திரியிலிருந்த நம் தேசத்து வாலிபர்களை அதற்குப் பழக்கினார். இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து கை ஓய உழைத்தவர்கள் அவர்களே. புஸ்தகத்தின் அட்டையில் பெயர் இருப்பது துரைக்கு மாத்திரந்தான்.

1846-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஈதர் என்னும் மயக்க மருந்தின் பலனைக் காட்டினார்கள். மறு வருஷம் குளோரோபாரம் வந்தது. மணிக்கணக்கில் ஆகும் வேலை நிமிஷத்தில் முடிந்தது. எஸ்டெய்லின் முறை மறைந்தது நியாயமே. அது பொய் என்று நிரூபிக்கப்பட்டதால் மறையவில்லை. அதைவிடச் சுலபமான ஒன்று கிடைத்துவிட்டதால் மறைந்தது.

இடையில் மான்செஸ்டர் நகர வைத்தியர் பிரெய்ட் என்பவர், பளபளக்கும் ஒரு பொருளை உற்றுப் பார்க்கச் செய்தே இந்த நிலையை உண்டாக்கிக் காட்டி, 1843-இல் ஹிப்னாடிஸம் என்ற பெயரைப் பிரபலமாக்கினார். கிரேக்க பாஷையில் தூக்கத்தைக் குறிக்கும் சொல் அது. பிற்பாடு, இது தூக்கமே அல்ல என்று கண்டு பெயரை மாற்றவும் முயன்றார். பெயர் மாறவில்லை; வைத்த பெயரை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டப்பெயர் வாங்கிய எந்தப் பள்ளி மாணவனுக்கும் தெரியும். பிரான்ஸில் நான்ஸி நகரத்து வைத்தியர்கள், எல்லாவற்றுக்கும் மூலம் 'சூசனை'தான் என்றார்கள். அதாவது, மறுத்துப் பேசாத ஒரு மனத்தில் சொல்லின் மூலம் ஓர் எண்ணத்தை ஊன்றுவது. அவர்களிடம் பாடம் கேட்ட கூவே என்ற மருந்துக் கடைக்காரர், நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்த மருந்து அதிகமாக வேலை செய்வதைத் தம் கடையிலேயே கண்டவர். விருப்பமும் கற்பனையும் மோதிக்கொண்டால் கற்பனையே ஜெயிக்கும் என்பது அவருடைய கட்சி. தரையில் ஒரு முழ அகலத்திற்குக் கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னால் யாரும் நடப்பார்கள். அதே ஒரு முழ அகலமுள்ள கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் நடக்கச் சொல்லிப் பாருங்கள். "விழக் கூடாது, விழக் கூடாது" என்று மனம் சொல்லச் சொல்லக் கால் கிணற்றுப் பக்கமே போகும்.

இத்தனையும் நாம் எதற்காகத் தூசி தட்டி எடுத்தோம் என்பதை இப்போது சொல்லிவிடுகிறோம்.

நம்முடைய வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தகப்பனார் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, சாதுவான மனிதர். கையில் ஒரு துண்டுப் பிரசுரம். மனோவசிய முறையில் பரீக்ஷை பயம் நீங்கும், ஞாபக சக்தி பெருகும், 10 நாளில் பலன், கட்டணம் ரூபாய் 12,000 என்று அதில் அச்சிட்டிருந்தது. பையன் கெட்டிக்காரன், வீட்டில் கேட்டால் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பான். பரீக்ஷை மண்டபத்தில் கேள்வித் தாளைக் கண்டதும் உள்ளங்கை வியர்த்து, படித்தது அத்தனையும் துடைத்துவிட்டாற்போல் போய்விடும். காலாண்டுப் பரீக்ஷையில் பாதித் தாள் வெள்ளையாகவே இருந்தது. அடுத்த வருஷம் பொதுப் பரீக்ஷை. "ஸார், நீங்கள் படித்தவர். பணத்தைப் பற்றி இல்லை; எப்படியாவது புரட்டிவிடுவேன். கொண்டு போகலாமா, கூடாதா? நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்" என்றார். இப்படி ஒருவர் பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனம் வருமா? ஒரு வாரம் தவணை கேட்டோம்.

நமக்குப் பழக்கமான மனநோய் வைத்தியர் ஒருவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனோவசிய சிகிச்சையிலும் நல்ல பயிற்சி உடையவர். அவரிடம் போனோம்.

"வாத்தியாரே, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்காக வருவதில்லை" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "என் கணவர் குடியை விட வேண்டும் என்று மனைவி வருவாள், என் பிள்ளை நான் பார்த்த பெண்ணுக்குச் சம்மதிக்க வேண்டும் என்று தாயார் வருவாள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையாக யாரையாவது ஆக்கித் தர வேண்டும். அதற்கு நான் ஆள் இல்லை என்றால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்."

அவர் சொன்னவற்றின் சாரத்தைக் கொடுக்கிறோம். மனோவசிய நிலையில் இருப்பவர் தூங்குவதில்லை. மூளையின் மின் அலைகளை அளந்து பார்த்தாலும் தூக்கத்தின் அடையாளம் தெரிவதில்லை. நல்ல கதையில் ஆழ்ந்தவருக்கு வாசலில் கூப்பிடுவது கேட்பதில்லையே, ஏறக்குறைய அதைப் போன்ற ஒருமுகம் அது. தமக்கு இஷ்டமில்லாததைச் செய்யும் அடிமையாகவும் அவர் ஆகிவிடுவதில்லை. சுமாராக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இது வெகு ஆழமாகக் கைகூடும், அதே அளவினருக்கு ஏறக்குறைய வராது, மற்றவர்கள் நடுவாந்தரம். மேடைக்காரர்கள் முதலில் சபை முழுவதையும் கைகளைக் கோக்கச் சொல்லிப் பார்ப்பது, அந்தப் பத்துப் பேரைப் பொறுக்கி எடுக்கத்தான். வலி, பல் வைத்தியத்தின் பயம், குடல் உபத்திரவம் சிலவற்றுக்கு இந்தச் சிகிச்சை துணை செய்கிறது. 1997-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தில், கையைச் சுடுநீரில் வைத்தவர்களுக்கு இம்முறையில் வலியின் கொடுமை குறைவதாகச் சூசனை செய்து மூளையைப் படம் பிடித்தார்கள். வேதனையை உணரும் ஒரு பகுதியின் வேலையே அதற்கேற்ப மாறிற்று. அதற்கும் முன் 1978-இல், பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வெறும் மருந்தென்று பேர் சொல்லிக் கொடுத்ததே வலியைக் குறைத்ததைக் கண்டு, அபினியின் குணத்தை முறிக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். குறைந்த வலி மீண்டும் ஏறிற்று. நம்பிக்கை உடம்புக்குள் ஒரு மருந்தைத் தானே தயாரிக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? பிராங்க்ளின் கமிட்டியார் 'கற்பனை' என்று தள்ளிய வஸ்து இதுதான்.

"ஆனால் ஞாபக சக்தி பெருகும் என்பது சுத்தப் புளுகு" என்றார் வைத்தியர். மயக்கத்தில் ஆழ்த்தி மறந்ததை நினைவூட்டப் போனால், நடந்ததோடு நடக்காததும் சேர்ந்து வந்துவிடும். வந்ததெல்லாம் நிஜம் என்ற பிடிவாதம் மட்டும் வளரும். இந்தக் காரணத்தால் அமெரிக்க வைத்திய சங்கம் 1985-இலேயே எச்சரித்திருக்கிறது. காதில் குரல் கேட்கிறது, பிறர் தமக்குச் சூழ்ச்சி செய்கிறார்கள் என்று தவிப்பவர்களை மனோவசியக்காரரிடம் அழைத்துப் போவது ஆபத்து. வேண்டியது மனநோய் வைத்தியர். இதை வீட்டுப் பெரியவர்கள் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு அவர் பையனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பரீக்ஷைக்குப் புறப்படும்போது வீட்டில் அவனிடம் என்ன சொல்லி அனுப்புகிறார்கள்?"

நமக்குத் தெரியாது. விசாரித்தோம். பையனே சொன்னான். தகப்பனார் விபூதி இட்டு, "பதறாதே, மறந்துவிடாதே, போன தடவை மாதிரி வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே" என்று, ஒவ்வொரு பரீக்ஷைக்கும், அதே வரிசையில், தலைமேல் கை வைத்துச் சொல்லுவாராம். இதைக் கேட்ட வைத்தியர், "நான் செய்வதும் அதேதான், என்ன, அவர் கட்டணம் வாங்குவதில்லை" என்றார்.

இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கடன் வாங்கியாவது கொடுக்கத் தயாராக நிற்கும் தகப்பனாரிடம், பிள்ளையின் பயத்தை ஊன்றி வளர்ப்பது உம்முடைய ஆசீர்வாதந்தான் என்று சொன்னால், அவர் அதற்கப்புறம் எப்படித் தூங்குவார்? இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில் கோவாப் பாதிரியாரின் கதையைச் சொன்னோம். ராணி, பிரசங்க மேடை, கீரை எல்லாம். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. துண்டுப் பிரசுரத்தை நாலாக மடித்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அப்படியானால் நான் என்ன சொல்லி அனுப்புவது, ஸார்? ஒன்றும் சொல்லாமல் அனுப்ப மனசு வராதே" என்றார்.

"வழக்கம்போல் விபூதி இடுங்கள். சாயங்காலம் வரும்போது இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கி வரச் சொல்லுங்கள்" என்றோம்.

வைத்தியரிடமும் பையன் நாலு தடவை போனான். கண்ணை மூடி, மூச்சை நிதானப்படுத்தி, பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் அங்கமாகத் தளர்த்தி, பரீக்ஷை மண்டபத்துக்குள் நுழைவது முதல் கேள்வித் தாளைப் பிரித்து முதல் விடையை எழுதுவது வரை மனக்கண்ணில் நடத்திப் பார்க்க அவர் பழக்கினாராம். பணம் வாங்க மறுத்துவிட்டார். இரண்டில் எது பலன் தந்தது, அல்லது மூன்று மாதம் வயது ஏறியதுதான் காரணமா என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது. அரையாண்டில் சரித்திரத் தாளைத் திருத்தியவர் நாமே. 100-க்கு 58. கடைசிக் கேள்வியை எழுத நேரம் போதவில்லை. இரண்டு இடத்தில் கை நடுங்கி எழுத்து கோணியிருந்தது. வெள்ளைத்தாள் இல்லை.

மறுநாள் கடைத்தெருவில் அவனுடைய தாயாரைப் பார்த்தோம். பரீக்ஷையைப் பற்றி அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நாளும் கீரை வந்ததாகவும், அதில் நாலு நாள் வந்தது முற்றலென்றும், பார்த்து வாங்கத் தெரியவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டாள்.